கடற்கரையிலே பகலுணவு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

புலவர் பெருமக்கள் அமர்ந்திருக்கும் இம்மேடையிலே, பள்ளியிறுதி வகுப்போடு படிப்புக்கு விடைகொடுத்துவிட்டு இரயில்வே அலுவலகத்திற் பேரேடு புரட்டும் குமாஸ்தாவாகிய நமக்கும் ஓரிடம் தந்த செயற்குழுவினர்க்கு நன்றி. இலக்கணம் பேசுவதற்கு நமக்குத் தகுதியில்லை. சமயம் பேசுவதற்குத் துணிவில்லை. சோற்றைப் பற்றிப் பேசுவதற்கோ பசித்தவர் எல்லார்க்கும் உரிமை உண்டு. ஆகவே, "கடற்கரையிலே பகலுணவு" என்பதையே நம் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். கடலோரத்து உணவுக் கடையில் ஒருவேளை உண்பது ஒரு சிறிய இன்பந்தானே, அதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் நகைக்கலாம். உண்ட சோற்றின் பின்னே யார் யார் கை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த நகை அடங்கிவிடும்.

கடலில்லாச் சமுத்திரம்

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயர் பாலசமுத்திரம். பெயரிலே சமுத்திரம் இருக்கிறது. ஊரிலே அலையோசை இல்லை. இதில் வியப்பில்லை. அம்பாசமுத்திரத்திலும் கடல் இல்லை. நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரத்திலும் கடல் இல்லை. மழையை நம்பி வாழும் நாட்டிலே, பெரியதோர் ஏரியை வெட்டிக் கரை கட்டியவன் அதனைக் கடலென்றே கண்டான். சமுத்திரம் என்றும் சாகரம் என்றும் பெயர் சூட்டினான். கடப்பை மாவட்டத்துப் போருமாமில்ல ஏரிக்கு 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு அனந்தராச சாகரம் என்றே பெயர் கூறுகிறது. நீரருமை அறிந்தவர்க்கு ஏரியே கடல்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டன. அன்று, பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நெல்லூரைச் சேர்ந்திருந்த சூளூர்ப்பேட்டை, கூடூர்ப் பகுதிகளும் அதனுடன் இணைந்தன. விண்கலம் ஏவும் சிறீஅரிக்கோட்டையும், பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியும், வங்கக் கடலின் கரையும் திருப்பதி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. மலைக்கும் மாமரத்துக்கும் பெயர்பெற்ற நம் சீமைக்கு அரசாங்க ஆணையொன்றினாலே கடல் வந்தது! ஆயினும், மாவட்டத்துக்குக் கடல் வந்த அளவுக்கு நம் வீட்டு வாயிலுக்கு வரவில்லை. கடற்காற்று வேண்டுமாயின் இன்றும் நாம் மூட்டை கட்டித்தான் புறப்பட வேண்டும்.

நெய்தல் நிலத்து விருந்து

கடற்கரையில் வழிப்போக்கன் உண்ட உணவைப் பற்றித் தமிழிலே பழமையான செய்தி எங்கே இருக்கிறது? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாட்டுடைத் தலைவன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையால் வாடிய மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். ஊர் ஊராக அவன் சொல்லும் வழியிலே ஒரு நயம் உண்டு. எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறான்! எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊரிலே பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். வேலூரிலே எயினர் வீட்டில் புளியிட்ட சூடான சோறும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரிலே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்பது அவன் சொல்லும் செய்தி.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்தந்த நிலத்து மக்கள் தாம் உண்பதையே விருந்தினர்க்கும் தந்தனர்; விருந்துக்கென்று வேறு பண்டம் தேடி ஓடவில்லை. இரண்டாவது, தந்தவர்கள் பெருஞ்செல்வர் அல்லர். வலை வீசுவோரும், வில் ஏந்துவோரும், ஏர் உழுவோருமே ஆவர். அரசன் வீட்டு விருந்து பயணத்தின் முடிவிலே இருக்கிறது; அதுவரையில் பாணன் உயிரைக் காத்தது உழைப்பாளி வீட்டுச் சோறு.

சேதுச் சாலையும் சத்திரமும்

காலம் மாறியது. பாணர்க்குப் பின்பு யாத்திரிகர் வந்தனர். வடக்கேயிருந்து இராமேசுவரம் நாடி வருவோர் கிழக்குக் கடற்கரை ஓரமாகவே நடந்தனர். அச்சாலையில் இன்றைக்கும் ஊர்ப்பெயர்கள் சாட்சி சொல்லுகின்றன. சேதுபாவாசத்திரம் இருக்கிறது; மீமிசலில் தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரம் இருந்தது; இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு மூலையை நோக்கிச் சென்றால் முகுந்தராயர் சத்திரம் என்ற பெயர் நம்மை எதிர்கொள்ளுகிறது.

அச்சத்திரங்களிலே நடந்தது என்ன? தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801ஆம் ஆண்டில் அங்கிருந்த ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய மடல் ஒன்று அதனை விளக்குகிறது. சத்திர மானியங்களைக் கம்பெனியார் கைவைக்காது விடவேண்டும் என்று மன்றாடி எழுதியது அது. வருவோர் எச்சாதியாராயினும் சோறு உண்டு என்கிறார் மன்னர். நோயாளிக்கு மருந்து உண்டு, கருவுற்ற பெண்ணுக்குத் தனிக் கவனிப்பு உண்டு என்கிறார். யாவற்றிலும் நம் உள்ளத்தைத் தொட்டது ஒன்று. நள்ளிரவிலே ஒரு மணி அடிப்பார்களாம். அதுவரையில் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வருக என்று அழைத்து, அவர்க்கென்று சமைத்த சோற்றைப் படைப்பார்களாம். தோழர்களே! நாட்டை இழந்து, பட்டத்தை மட்டும் வைத்திருந்த ஓர் அரசர், தம் பெருமையாக எடுத்துச் சொன்னது அந்த மணியோசையை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் நாம் திரும்ப வேண்டியிருக்கிறது.

அக்காலத்துச் சத்திரங்களிலே பந்தியில் வேற்றுமை இருந்ததும் உண்மையே. சோறு எல்லார்க்கும் என்று இருந்தது. ஒரே வரிசை என்று இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் வேலையைக் காலம் நம்மிடம் விட்டது.

புகைவண்டியும் கப்பலும்

நடந்து சென்ற யாத்திரிகனைப் புகைவண்டி ஏற்றிக்கொண்டது. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடல்மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம். கப்பல் வந்தால் நடுவே இரு கைகளைப்போல் மேலே தூக்கி வழிவிடும் அமைப்பு. அதுமுதல் சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட "போட் மெயில்" தனுஷ்கோடித் துறை வரையிலும் ஓடியது. வண்டியை விட்டிறங்கினால் எதிரே நீராவிக் கப்பல், ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார், அங்கிருந்து மீண்டும் புகைவண்டி, மறுமுனையிலே கொழும்பு. தனுஷ்கோடியில் இரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், பள்ளி, கோயில், மாதாகோயில் யாவும் இருந்தன.

அவ்வழியே சென்றவர் எல்லாரும் இன்பப் பயணம் சென்றவர் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்து அனுப்பிய காலம் அது. தோட்டத் தொழிலாளரை மண்டபம் முகாமிலே தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி, அதன் பிறகே கப்பலேற்றினர். தாய்மண்ணில் அவர்கள் உண்ட கடைசிச் சோறு அந்த முகாமிலே அளந்து வார்த்த கடற்கரைச் சோறுதான். போனவரின் பேரப் பிள்ளைகளிற் பலர், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாத்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையினால் இதே வழியே திரும்பினர். 1980க்குப் பின்னர்ப் போரினால் ஏதிலிகளாய் வந்தவர்க்கும் மண்டபமே முதற்சோறு போட்டது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்வந்து சங்கம் அமைத்து வாழும் நமக்கு அந்தச் சோற்றின் சுவை தெரியும். நமக்கு வாய்த்தது பக்கத்து மாநிலம். அவர்க்கு வாய்த்தது பக்கத்துத் தீவு. வேற்றுமை தூரத்தில்தான் இருக்கிறது, வயிற்றில் இல்லை.

ஓரிரவில் அழிந்த ஊர்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653 எண்ணுள்ள பாசஞ்சர் வண்டி, நிலையத்தை எட்டும் முன்னரே பேரலையில் அமிழ்ந்தது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊர் அழிந்தது, துறை அழிந்தது, தண்டவாளம் மணலுக்குள் போயிற்று. புயலில் இறந்தோர் ஆயிரத்து எண்ணூற்றுக்கு மேல் என்று கணக்கிட்டனர். பாம்பன் பாலத்தின் தூலங்களிற் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. அவற்றை மீட்டு, இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் தலைமையில் 46 நாட்களிலே மீண்டும் வண்டி ஓடச் செய்தது இரயில்வே வரலாற்றில் மறக்கலாகாத செயல். பாலம் மீண்டது; தனுஷ்கோடி மீளவில்லை. அரசாங்கம் அதனை மக்கள் வாழத் தகாத இடம் என்று அறிவித்தது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து சில ஆண்டுகள் ஓடி, 1980களில் இலங்கைப் போரினால் நின்றது. 2019ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தனுஷ்கோடிக்குப் புதிய இருப்புப்பாதை போட அடிக்கல் நாட்டப்பட்டது, பாதை வரவில்லை.

வாழத் தகாத இடம் என்று ஏட்டில் எழுதிவிடலாம். வலையையும் வள்ளத்தையும் நம்பியவன் எங்கே செல்வான்? புயலுக்குப் பின்னர் மீனவக் குடும்பங்கள் சில சிலவாகத் திரும்பி வந்தன. பனையோலையால் குடிசை வேய்ந்துகொண்டன. பல்லாண்டுகள் அங்கே செல்ல நல்ல சாலை இல்லை. மணலில் உந்துவண்டிகளே உருண்டு சென்றன. 2017ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையில் ஒன்பதரைக் கிலோமீட்டர்த் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பேருந்தும் காரும் நாடோறும் வந்தன. வந்தவர்க்குப் பசித்தது. குடிசை வாயிலிலே அடுப்பு எரிந்தது. ஓலைக் கொட்டகை உணவுக் கடையாயிற்று. இதுவே தனுஷ்கோடி உணவுக் கடைகளின் வரலாறு.

கொட்டகையில் ஓர் உணவு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளத்துக்கு நேராக மேலே எழும்புகிறது; இந்தியாவிலே இவ்வகைக் கடற்பாலம் இதுவே முதலாவது. 2022 டிசம்பரிலே நின்றுபோன வண்டிகள் மீண்டும் இராமேசுவரம் சென்றன. திருப்பதியிலிருந்து காட்பாடி வழியே செல்லும் விரைவு வண்டியும் அவற்றுள் ஒன்று. நம் சங்கத்தாரும் குடும்பத்தோடு ஒரு பயணம் சென்றோம்.

புறப்படுமுன் செயற்குழுவில் ஒரு வழக்கு எழுந்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் இங்கிருந்தே கட்டிச் செல்லவேண்டும். செலவும் குறையும், தூய்மையும் இருக்கும், சைவர்க்கும் இடர்ப்பாடு இல்லை என்றனர் ஒரு சாரார். கடலுக்குச் சென்று காட்பாடிச் சோறு தின்பதற்கு வீட்டிலேயே இருக்கலாமே என்றனர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் வல்வழக்காடினர். கடைசியில், வண்டியில் உண்பதற்குக் கட்டுச்சோறு, கரையில் உண்பதற்குக் கடைச்சோறு என்று தீர்ப்பாயிற்று.

அங்கே ஒரு விதி உண்டு. மாலை மங்குமுன் வெளியூரார் தனுஷ்கோடியை விட்டுத் திரும்பிவிட வேண்டும். ஆகவே அவ்வூரில் விருந்தினனுக்கு இராச்சோறு இல்லை, பகற்சோறு ஒன்றே. நண்பகலிலே மணல் கொதிக்கிறது. நிலம் சூடேறக் கடலிலிருந்து காற்று எழுந்து கரையை நோக்கி வீசுகிறது. அந்தக் காற்று வாங்கும் ஓலைக் கொட்டகையில் அமர்ந்தோம். ஒரு புறம் அமைதியான பாக்கு நீரிணை. மறுபுறம் குமுறும் மன்னார் வளைகுடா. மீனவர் வழக்கிலே ஒன்று பெண்கடல், மற்றது ஆண்கடல்.

கடை நடத்திய அம்மையார் ஒரு தட்டிலே அன்று காலையில் வந்த மீன்களைக் கொணர்ந்து காட்டினார். விளைமீன், பாறை, சீலா, நகரை, கையளவு நண்டுகள், இறால். எது வேண்டும் என்று காட்டினால் விலை சொல்லி, மசாலை தடவிப் பொரித்துத் தருவார். நம்மவருள் ஒருவர் சித்தூர்ச் சந்தையில் பேசுவதுபோல் பேரம் பேசத் தொடங்கினார். அம்மையார் சினக்கவில்லை. "கடலுக்குப் போனவுக எல்லாம் மீனோட வாறதில்லைய்யா. இன்னைக்கு வந்துச்சு, வெலை சொல்றேன். நாளைக்கு வல வெறுங்கையா வந்தா யாருகிட்ட பேரம் பேசுறது?" என்றார். பேரம் நின்றது.

சைவ உணவினர் ஆறு பேர் தயங்கி நின்றனர். அவர்களைக் கண்டதும் அம்மையார், மீன் தொடாத வேறு பானையிலே ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, அடுத்த கொட்டகையிலிருந்து மோரும் வாங்கி வந்தார். புளியோதரைக் கட்சியார் வாயடைத்துப் போயினர்! இலையிலே சுடுசோறு, புளிப்பும் உறைப்பும் ஒத்து நின்ற மீன்குழம்பு, மொறுமொறுவென்று பொரித்த மீன். நம் நெல்லூர் நண்பர்கள் பெருமை பேசும் மாங்காயிட்ட சேப்பல புலுசுக்கு இதனை ஒப்பிட்டால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே ஒப்பிடாமல் விடுகின்றோம். உண்டபின் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை என்பது மட்டும் உண்மை.

அப்போது ஒன்று நிகழ்ந்தது. நம் இளைஞருள் ஒருவர், கால் மணலைக் கழுவுவதற்காகக் குடத்துத் தண்ணீரை மடமடவென்று கவிழ்த்தார். அம்மையார் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவரைக் கையமர்த்தி, கொட்டகைக்குப் பின்னே அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். மணலிலே இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு பள்ளம். அடியிலே ஊறிய தண்ணீரை ஒரு சிறுமி கொட்டாங்கச்சியால் மெல்ல மெல்ல முகந்து குடத்தில் வார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்! மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. ஆதலால் அது உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு ஆழத் தோண்டினாலும், மிகுதியாக இறைத்தாலும் கீழுள்ள உப்பு மேலேறிவிடும். கொட்டாங்கச்சி அளவுக்குத்தான் அந்த ஊற்று பொறுக்கும். இளைஞர் குடத்தை வாங்கிக்கொண்டு அச்சிறுமியின் அருகே அமர்ந்துவிட்டார். நாம் புறப்படும் வரையில் அவரே முகந்தார்.

பணம் கொடுக்கும்போது அம்மையாரிடம் கேட்டோம்: "இவ்வளவு இழந்த கடலின் கரையிலேயே இருக்கிறீர்களே, அச்சமில்லையா?" அவர் அடுப்பை அணைத்துக்கொண்டே, "கடல் கொண்டு போச்சு. அதே கடல்தானே சோறும் போடுது. கோவிச்சுக்கிட்டு எங்கய்யா போறது?" என்றார். இதைவிட விளக்கமாகத் தத்துவம் சொல்ல நமக்குத் தெரியாது.

நாம் செலுத்த வேண்டிய கடன்

அன்பர்களே! கடலோரத்தில் உண்ட சோற்றுக்கு விலை கொடுத்துவிட்டோம். கணக்கு முடிந்தது என்று குமாஸ்தா புத்தி சொல்லுகிறது. அந்தக் கணக்கில் சில இனங்கள் விடுபட்டிருக்கின்றன என்று மனம் சொல்லுகிறது. அவற்றை வரிசைப்படுத்திச் சொல்லுவோம்.

முதலாவது: மீன் எப்போதும் கிடைக்கும் பண்டம் அன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் இனம் பெருகுவதற்காக மீனவன் அடுப்பு மந்தமாக எரியும் காலம் அது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அதே காலம். அப்போது செல்லுவோர் நாட்டுப் படகில் வந்த சிறிதளவு மீனுக்கு விலை கூடுதல் என்று முணுமுணுத்தல் முறையன்று. பொரிக்குமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த பின் வாதாடாதீர்கள். இரு தரப்புக்கும் அதுவே மரியாதை.

இரண்டாவது: எச்சில் இலையை மணல் ஏற்றுக்கொள்ளும், பிளாஸ்டிக் பையையும் புட்டியையும் ஏற்றுக்கொள்ளாது. மன்னார் வளைகுடா 1980களிலிருந்து காப்பிடப் பகுதி. கடற்பசுவும் ஆமையும் பவளமும் வாழும் நீர். அங்கே நாம் விட்டெறிவது ஒருநாள் வலையிலே மீனுக்குப் பதிலாக வரும். கொண்டுசென்றதைக் கொண்டு திரும்புவது எளிது. இரயில் பெட்டியில் இடம் உண்டு.

மூன்றாவது: வயிறார உண்டவுடன் அரிச்சல்முனையில் நீராட இறங்குதல் கூடாது. இரு நீரோட்டங்கள் சந்திக்கும் இடம் அது. கரையருகிலேயே ஆழமும் சுழலும் உண்டு. நீந்தத் தெரியும் என்ற செருக்கினால் உயிரிழந்தோர் பலர். நம் பிள்ளைகள் ஏரியில் நீந்தப் பழகியவர்கள். ஏரி வேறு, கடல் வேறு. ஊர்ப்பெயர் சமுத்திரம் என்பதனால் நாம் சமுத்திரம் அறிந்தவர் ஆகிவிட மாட்டோம்.

நான்காவது: அம்மக்களை வேடிக்கைப் பொருளாகப் பாராதீர்கள். இடிந்த மாதாகோயிலையும் நிலையத்தின் சுவரையும் படம் பிடிப்பவர்கள், அதே கையோடு குடிசைக்குள்ளும் எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கின்றனர். இடிந்த கட்டிடத்தில் ஆள் இல்லை. குடிசையில் ஆள் இருக்கிறார்கள். வாழத் தகாத இடம் என்று ஏடு சொல்லும் ஊரிலே, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, அந்நியனுக்குச் சோறு போட்டு, மானத்தோடு வாழுகிறவர்கள் அவர்கள். குடிநீரும் விளக்கும் நிலையான மனையும் அவர்க்குக் கிடைக்க வேண்டும் என்று சொல்லும் கடமை, அவர்கள் கையால் உண்டவர்க்கும் உண்டு.

முடிவாக ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராமல் அமர்தல் நேர்மையன்று. இன்று விழா முடிந்ததும் இதே வளாகத்திலே விருந்து நடைபெறவிருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் விருந்துச் சீட்டு வழங்கப்பட்டிருக்கிறது. செலவுக் கணக்கு பிசகாதிருக்கச் சீட்டு வேண்டும் என்பதை, கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் மறுக்கமாட்டோம். ஆனால் இந்தப் பந்தலிலே சீட்டில்லாதவர் யார் யார் இருக்கின்றனர் என்று ஒரு நொடி திரும்பிப் பாருங்கள். ஒலிபெருக்கி வைத்திருக்கும் தெலுங்குத் தம்பி இருக்கிறார். நாற்காலி இறக்கியவர்கள் இருக்கிறார்கள். வாயிலில் செருப்பைக் காத்து அமர்ந்திருக்கும் முதியவர் இருக்கிறார். நாளைக் காலையில் இந்த இலைகளை வாரப்போகும் அம்மையார், தம் பேரனோடு ஓரமாய் நின்று நடனம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்களுள் எவரும் கேட்டு வாங்கி உண்ணமாட்டார்கள். கேட்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அழைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்க வேண்டும்.

எயிற்பட்டினத்துப் பரதவர் பாணனிடம் சீட்டுக் கேட்கவில்லை. சரபோசி மன்னர் சத்திரத்திலே நள்ளிரவில் மணியடித்தனர். தனுஷ்கோடி அம்மையார் மீன் தின்னாத ஆறு பேருக்காக வேறு பானை ஏற்றினார். அவர்க்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. அவர்க்கு இருக்கும் மனம் நமக்கும் இருக்கிறது என்பதை இன்றிரவு நாம் மெய்ப்பிக்கலாம். ஆகவே நம் வேண்டுகோள் இது: கடைசிப் பந்தி எழுந்த பின்பு, பாத்திரம் கழுவுமுன், நம் சங்கத்து மணியை ஒரு முறை அடிப்போம். உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று தமிழிலும் தெலுங்கிலும் உரக்கக் கேட்போம். வருவோரை நாம் அமர்ந்த அதே வரிசையிலே அமர்த்தி, நாமே நின்று பரிமாறுவோம். அதற்காகும் கூடுதல் செலவை எம் பெயரில் எழுதிக்கொள்ளுமாறு பொருளாளர் அவர்களை மேடையிலேயே கேட்டுக்கொள்ளுகின்றோம். அடுத்த ஆண்டுமுதல் அதனைச் சங்கத்தின் செலவாகவே வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் மகிழ்வோம்.

கடலில்லாச் சமுத்திரத்திலே வாழும் நமக்குக் கடலின் அகலம் வேறு எவ்வகையில் வரும்?